கல்நார்க் கூரை: மட்டக்களப்பு வாவிக் கரையில் கணக்கெடுப்பும் இடர் முகாமையும்

கட்டடமொன்றில் அஸ்பெஸ்டஸ் எனும் கல்நார் இருக்கிறது என்று தெரிந்த பின் அதை என்ன செய்வது? ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக இதற்கு விடைகள் சொல்லப்பட்டு வருகின்றன. தூசியை அடக்கினால் போதும் என்பது முதல் விடை. கொடிய வகைகளை விலக்கிவிட்டு மற்றதைப் பயன்படுத்தலாம் என்பது அடுத்தது. புதிதாக எதையும் சேர்க்காமல், இருப்பதைப் பதிவேட்டில் எழுதிக் கண்காணிக்க வேண்டும் என்றது மூன்றாவது. காலக்கெடு வைத்து எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும் என்பது நான்காவது. புதிய விடை வந்ததும் பழையது ஒழிந்துவிடவில்லை. இலங்கையில் நான்குமே இன்றும் ஏதோ ஒரு வடிவில் உலவுகின்றன.

ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து கல்முனைப் பக்கம் வரை சுமார் 56 கிலோமீற்றர் நீளும் மட்டக்களப்பு வாவியின் கரைகளில் இக்கேள்வி தனி உருவம் எடுக்கிறது. உலகெங்கும் பின்பற்றப்படும் கணக்கெடுப்பு முறைகள் பெரிய கட்டடங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை: கொதிகலன் அறை, இழை தெளித்துப் பூசிய உருக்குத் தூண், காப்புப் பலகை. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலும் மேற்கே படுவான்கரையிலும் அஸ்பெஸ்டஸ் என்றால் பெரும்பாலும் ஒரே பொருள்தான். வீட்டின் மேலும் பள்ளிக்கூடத்தின் மேலும் மாட்டுக் கொட்டிலின் மேலும் கிடக்கும் நெளி சீற். ஒரே பொருள் எங்கும் பரந்து கிடக்கும் இடத்தில், பல பொருள்களைத் தரம்பிரிப்பதற்காக உருவான முறை எவ்வளவு தூரம் உதவும் என்பதே இங்கே ஆராய வேண்டியது.

சீற் கூரை ஏறிய கதை

அஸ்பெஸ்டஸ் இழையையும் சீமெந்தையும் கலந்து தகடாக்கும் முறைக்கு ஒஸ்திரியாவின் லுட்விக் ஹாட்செக் 1900ஆம் ஆண்டையொட்டிக் காப்புரிமை பெற்றார். பத்தில் ஒரு பங்களவு இழை, மீதி சீமெந்து. இழை சீமெந்துக்குள் கட்டுண்டிருப்பதால், கையால் நசுக்கினாலே பொடியாகும் பழைய குழாய்க் காப்புகளோடு இதை ஒப்பிட முடியாது. பிந்திய வாதங்கள் அனைத்திலும் இந்த வேறுபாடு திரும்பத் திரும்ப வரும்.

வாவிக் கரையில் கிடுகும் ஓடும் இருந்த இடத்துக்குத் தகரமும் சீற்றும் வந்ததற்கு விலை மட்டும் காரணமல்ல. கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிய மணற்பரப்பில், கல்லடியிலும் நாவலடியிலும் காத்தான்குடியிலும், உப்புக்காற்றில் தகரம் விரைவில் துருவேறும். சீற் துருப்பிடிக்காது. ஓட்டைவிடப் பாரம் குறைவு. கைமரமும் ரீப்பையும் குறைவாகவே தேவைப்படும். மாரி மழை கொட்டும்போது தகரத்தளவு இரைச்சலும் இல்லை.

பேரிடர்களும் இந்த மாற்றத்தைத் தூண்டின. 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி மட்டக்களப்பின் கூரைகளைப் பிய்த்தெறிந்தது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை நாவலடி முதலான கரையோரக் குடியிருப்புகளைத் தரைமட்டமாக்கியது. உள்நாட்டுப் போர் 2009இல் முடியும் வரை உடைந்த கட்டடங்கள் பெருகிக்கொண்டே இருந்தன. ஒவ்வொரு முறையும் விரைவாகவும் மலிவாகவும் கூரை போட வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் பழைய சீற் சிதறி மண்ணோடு கலந்தது. கூரைகள் அதிகம் உடைபட்ட காலமும் புதுக் கூரைகள் அதிகம் போடப்பட்ட காலமும் ஒன்றாகவே இருந்ததால், கட்டடங்களை மட்டும் எண்ணும் கணக்கெடுப்பு இங்கே தொடக்கத்திலேயே குறைபட்டுவிடுகிறது.

எந்த இழை, எவ்வளவு தீங்கு

அஸ்பெஸ்டஸ் என்பது ஆறு கனிமங்களுக்கான பொதுப்பெயர். வெள்ளை என்றழைக்கப்படும் கிரைசோடைல் சுருள் இழை கொண்டது. நீலமான குரோசிடோலைட், பழுப்பான அமோசைட் ஆகியவை உட்பட மற்ற ஐந்தும் நேரான, ஊசி போன்ற இழை கொண்ட அம்ஃபிபோல் குடும்பத்தைச் சேர்ந்தவை.

தூசியே நோய்க்குக் காரணம் என்ற அறிவு பிரித்தானிய ஆலைகளிலிருந்து வந்தது. 1931இல் அங்கே முதல் தூசிக் கட்டுப்பாட்டு விதிகள் பிறந்தன. அப்போது அச்சம் நுரையீரல் இறுகிப்போகும் நோயைப் பற்றியது மட்டுமே. 1955இல் ரிச்சர்ட் டொல் ஆலைத் தொழிலாளரிடம் நுரையீரல் புற்றுநோய் மிகுந்திருப்பதைக் காட்டினார். 1960இல் தென்னாபிரிக்காவில் கிறிஸ் வாக்னரும் உடன் ஆய்வாளர்களும், நுரையீரலை மூடிய சவ்வில் வரும் அரிய புற்றுநோயான மீசோதீலியோமா 33 பேரிடம் இருந்ததை வெளியிட்டனர். சுரங்கத்தில் ஒருநாளும் வேலை செய்யாமல், சிறுவயதில் அதனருகே வாழ்ந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஆலை மதிலுக்குள் தூசியை அடக்கிவிட்டால் போதும் என்ற முதல் விடை அதோடு ஆட்டங்கண்டது.

வாக்னரின் சுரங்கங்கள் குரோசிடோலைட் சுரங்கங்கள். நீலமும் பழுப்புமே கொலைகாரர்கள், கிரைசோடைல் உடலிலிருந்து விரைவில் கரைந்து போகிறது என்ற இரண்டாவது நிலைப்பாடு இதிலிருந்து வளர்ந்தது. அதற்கு அடிப்படையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2000ஆம் ஆண்டு ஹொட்சன், டார்ன்டன் இருவரும் செய்த ஒப்பீட்டில் மீசோதீலியோமா அபாயம் கிரைசோடைலுக்கு 1 என்றால் அமோசைட்டுக்கு 100, குரோசிடோலைட்டுக்கு 500 என்ற விகிதம் கிடைத்தது. குறைவு என்பதைப் பூச்சியம் என்று வாசித்ததில்தான் வாதம் வழுக்கியது. நுரையீரல் புற்றுநோயில் வகைகளுக்கிடையிலான இடைவெளி அவ்வளவு பெரிதல்ல. புகைப்பழக்கமும் சேர்ந்தால் அபாயம் பன்மடங்காகிறது. உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் வெளியிட்ட தொகுதியில், கிரைசோடைல் உட்பட எல்லா வகைகளும் மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என மீண்டும் உறுதிப்படுத்தியது.

சட்ட உலகம் இரு நிலைப்பாடுகளுக்கும் இடையே தடுமாறியே நடந்தது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1986ஆம் ஆண்டு சமவாயம் குரோசிடோலைட்டை விலக்கி, மற்றவற்றுக்குக் கட்டுப்பாட்டுடன் இடம் கொடுத்தது. அச்சமவாயத்தைக் காட்டிப் பயன்பாட்டைத் தொடரக் கூடாது என்று அதே அமைப்பு 2006இல் தீர்மானம் போட வேண்டியதாயிற்று. அம்ஃபிபோல் வகைகள் ஐந்தும், அபாயகரமான இரசாயனங்களின் வணிகத்தை ஒழுங்குபடுத்தும் றொட்டர்டாம் சமவாயத்தின் பட்டியலில் இருக்கின்றன. கிரைசோடைலை அதில் சேர்க்கும் முயற்சி 2006 முதல் தோற்றுவருகிறது. எல்லா நாடுகளும் ஒத்துக்கொண்டால்தான் சேர்க்கலாம் என்ற விதி, ஏற்றுமதி செய்யும் நாடுகளுக்குக் கேடயமாகிவிட்டது.

இலங்கை நீல அஸ்பெஸ்டஸை 1987இல் தடைசெய்தது, வெள்ளை தொடர்ந்தது. 2018 ஜனவரி முதல் அஸ்பெஸ்டஸ் இறக்குமதியை நிறுத்தும் முடிவு மைத்திரிபால சிறிசேன ஜனாதிபதியாக இருந்த காலத்தில் எடுக்கப்பட்டது. 2017 டிசம்பரில், தேயிலைப் பொதியொன்றில் வண்டு இருந்ததாகக் கூறி, இலங்கைக்குக் கிரைசோடைல் விற்கும் முதன்மை நாடான ரஷ்யா தேயிலை இறக்குமதியை நிறுத்தியது. சில நாட்களில் அஸ்பெஸ்டஸ் தடை ஒத்திவைக்கப்பட்டது. தேயிலைக்கும் வழி திறந்தது. வண்டுக்கும் கூரைக்கும் தொடர்பில்லை என்று இரு தரப்பும் சொல்லலாம்தான். இழையின் தீங்கு பற்றிய விவாதம் ஆய்வுகூடத்தில் மட்டும் தீர்வதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இப்பிராந்தியத்தில் கிடைப்பது அரிது.

நோயாளர் எங்கே என்ற வாதம்

தடையை எதிர்ப்போர் அடிக்கடி எடுக்கும் கேள்வி ஒன்று உண்டு: இத்தனை ஆண்டுகளாகச் சீற்றின் கீழ் வாழ்கிறார்களே, நோயாளர் எங்கே? இதைத் தட்டிக்கழிப்பது நேர்மையாகாது. நல்ல நிலையிலுள்ள சீமெந்துச் சீற்றின் கீழ் வாழ்வோருக்குக் கிடைக்கும் இழையளவு மிகக் குறைவு என்பதைப் பல நாட்டு அளவீடுகள் காட்டுகின்றன. கூரையின் கீழ் உறங்குபவரை விட அதை வெட்டுபவருக்கே ஆபத்து மிக அதிகம் என்பதில் இரு தரப்பும் உடன்படுகின்றன.

இக்கேள்வியின் பலவீனம் காலக் கணக்கில் இருக்கிறது. இழை உட்சென்று மீசோதீலியோமா வெளித்தெரிய 20 முதல் 50 ஆண்டுகள் ஆகலாம். ஆழிப்பேரலைக்குப் பின் 2005இல் வீடுகளுக்குச் சீற் வெட்டிய மேசனுக்கோ ஓடாவிக்கோ நோய் வருமானால், அது பெரும்பாலும் 2025க்கும் 2055க்கும் இடையில்தான் வரும். வந்தாலும் அதை இனங்காணச் சவ்வுத் திசுவை எடுத்துச் சிறப்புச் சோதனைகள் செய்ய வேண்டும். நெஞ்சில் நீர் கோத்து இறந்த முதியவர் ஒருவரின் மரணப் பதிவில் அவர் நாற்பதாண்டுக்கு முன் செய்த தொழில் எழுதப்படுவதில்லை. ஆகவே நோயாளர் தெரியவில்லை என்பது நோயில்லை என்பதற்குச் சான்றாகாது. அதே காரணத்தால், பெருந்தொகையானோர் இறக்கப் போகிறார்கள் என்ற எதிர்க்கூற்றுக்கும் இங்கே அது சான்று தரவில்லை.

பிரித்தானிய முறையும் அதன் புள்ளிகளும்

கட்டடக் கணக்கெடுப்புக்கு இன்று பரவலாக எடுத்தாளப்படும் மாதிரி பிரித்தானிய சுகாதாரப் பாதுகாப்பு நிர்வாகத்தின் 2010ஆம் ஆண்டு வழிகாட்டியாகும். அது இருவகைக் கணக்கெடுப்பைச் சொல்கிறது. கட்டடம் வழமைபோல் பயன்படும் காலத்துக்கு உரியது முகாமைக் கணக்கெடுப்பு. கண்ணுக்கும் கைக்கும் எட்டும் இடங்களைப் பார்த்து, மாதிரி எடுத்து, நிலையைப் பதிவது. திருத்தவோ இடிக்கவோ முன் செய்வது இரண்டாவது வகை. சுவரையும் சீலிங்கையும் உடைத்தேனும் மறைந்திருப்பதைத் தேடுவது. மாதிரியில் இழை உண்டா என்பதை முனைவாக்கிய ஒளி நுணுக்குக்காட்டியால் பார்ப்பர். சோதிக்க முடியாதபோது அஸ்பெஸ்டஸ் இருப்பதாகவே கொள்ள வேண்டும்.

ஒவ்வொரு பொருளுக்கும் நான்கு அம்சங்களில் புள்ளி இடப்படுகிறது: பொருளின் வகை, சேதம், மேற்பரப்பின் மூடல், இழையின் வகை. கூட்டுத்தொகை 10க்கு மேற்பட்டாலோ சமமானாலோ உயர் இடர். 7 முதல் 9 வரை நடுத்தரம். 5, 6 குறைவு. 4க்குள் மிகக் குறைவு. மட்டக்களப்புச் சீற்றை இதில் வைத்துப் பார்த்தால் விளைவு சுவையானது. சீமெந்துப் பொருளுக்கு 1, மேற்பரப்புக்கு 1, கிரைசோடைலுக்கு 1. சேதமே இல்லையென்றால் மொத்தம் 3. துண்டு துண்டாக உடைந்து கீழே கொட்டிக் கிடந்தால் சேதத்துக்கு 3 சேர்ந்து மொத்தம் 6. அதாவது புதுச் சீற் முதல் நொறுங்கிய சீற் வரை அத்தனையும் “மிகக் குறைவு”, “குறைவு” என்ற கடைசி இரு பெட்டிகளுக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. சோதனை செய்யாமல் இழையைக் குரோசிடோலைட் என்று கொண்டால் எல்லாமே இரண்டு புள்ளி ஏறும், தரவரிசை மாறாது.

இதைப் பிரித்தானிய முறையின் தவறு என்று சொல்ல முடியாது. ஒரே கட்டடத்தில் குழாய்க் காப்பையும் காப்புப் பலகையையும் சீமெந்துத் தகட்டையும் வரிசைப்படுத்தவே அது உருவானது. அங்கே சீமெந்துத் தகடு கடைசியில் நிற்பது சரியே. ஆனால் ஒரு பிரதேச செயலகப் பிரிவின் ஆயிரக்கணக்கான கூரைகளில் எதை முதலில் கவனிப்பது என்று கேட்டால் இப்புள்ளிகள் மௌனமாகிவிடும். அதே வழிகாட்டல் மரபில் இன்னொரு பகுதி உண்டு: அவ்விடத்தை யார், எவ்வளவு நேரம், எப்படிப் பயன்படுத்துகிறார்கள், பராமரிப்பு வேலை எத்தனை தடவை நடக்கிறது என்று கணிக்கும் முன்னுரிமை மதிப்பீடு. பிரித்தானியாவில் துணைப்பகுதியாக நிற்கும் இதுவே வாவிக் கரையில் முதற்பகுதியாக வேண்டும் என்று வாதிட இடமிருக்கிறது.

வாவிக் கரையில் பார்க்க வேண்டியவை

நெளி சீற்றில் இழை உண்டா என்ற சோதனைக்குப் பணம் செலவிடுவது பெரும்பாலும் வீண். நாட்டில் பல பதிற்றாண்டுகளாக உற்பத்தியானது கிரைசோடைல் சீற்றே என்பதால், உண்டு என்று கொள்வதே பொருந்தும். தட்டையான சீலிங் பலகை, தடுப்புச் சுவர்ப் பலகை ஆகியவற்றில்தான் ஐயத்துக்கு இடமுண்டு. மரக்கூழும் வேறு இழைகளும் கலந்தவை அதே தோற்றத்தில் இருக்கும். ஆய்வுகூடச் செலவை அவற்றுக்கு ஒதுக்குவது அறிவுடைமை. வாழைச்சேனைக் காகித ஆலை போல 1950களில் தொடங்கிய, நீராவிக் குழாய்கள் ஓடிய தொழிற்கட்டடங்கள் முற்றிலும் வேறு இனம். அவற்றுக்கு மேலைநாட்டு முறை அப்படியே பொருந்தும். இடிக்கும் முன் முழுக் கணக்கெடுப்பு இன்றிக் கைவைக்கலாகாது.

சீற்றில் பார்க்க வேண்டிய முதல் இடம் ஆணித் துளை. உப்புக்காற்று சீற்றைத் துருப்பிடிக்க வைக்காவிட்டாலும் அதைப் பிடித்திருக்கும் இரும்புக் கொக்கியை அரிக்கிறது. துரு பருத்துத் துளையைச் சுற்றி வெடிப்பு விழும். பின் ஒரு காற்றுக்கு மூலை உடையும். அடுத்தது மேற்பரப்பு. மழை சீமெந்தை மெல்லக் கரைக்க, பாசி பிடிக்க, இழைகள் நரைமயிர் போலத் தலைகாட்டும். இந்தத் தேய்வு வெளிப்புறத்தில் நடப்பதால், கழன்ற இழை வீட்டுக்குள் விழுவதைவிடப் பீலியிலும் தாழ்வாரத் துளி விழும் மண்ணிலும் சேர்வதே அதிகம். முற்றத்தில் கூட்டிப் பெருக்கும் அந்த வரிசை மண் எந்தப் படிவத்திலும் இடம்பெறுவதில்லை.

பருவமும் கணக்கில் வர வேண்டும். மாரிக்கு முன் கூரை திருத்துவது இப்பகுதி வழக்கம். அது கச்சான் காற்று வீசி எல்லாம் காய்ந்து கிடக்கும் காலத்தின் கடைசி. நனைத்து வேலை செய் என்பது அஸ்பெஸ்டஸ் கையாளலின் முதல் விதி. வேலை நடப்பதோ ஆண்டிலேயே மிக உலர்ந்த நாட்களில். அதோடு மின் கிரைண்டரும் சேர்கிறது. பிரித்தானியாவில் தொழிலாளர் சுவாசிக்கும் காற்றுக்குரிய கட்டுப்பாட்டு எல்லை ஒரு கன சென்ரிமீற்றருக்கு 0.1 இழை. உலர்ந்த சீற்றை வட்டத் தட்டால் வெட்டும்போது அதை நூறு மடங்குக்கு மேல் தாண்டிய அளவீடுகள் உண்டு. பாசியைத் தேய்த்துக் கழுவுவதும் கிட்டத்தட்ட இதே வகைத் தவறுதான்.

கூரை நீரைக் குடிப்பது பற்றிய அச்சமும் பரவலாக உண்டு. விழுங்கிய இழை தீங்கு தருகிறது என்பதற்கு ஒத்திசைந்த சான்று இல்லை என்பதே உலகச் சுகாதார அமைப்பின் குடிநீர் வழிகாட்டலின் நிலை. பழைய நீர்வழங்கல் திட்டங்களின் அஸ்பெஸ்டஸ் சீமெந்துக் குழாய்களுக்கும் இது பொருந்தும். குழாயை வெட்டித் திருத்துபவரின் மூச்சு வேறு விடயம்.

கழற்றுவதா, விட்டுவைப்பதா

நல்ல நிலையில் இருந்தால் விட்டுவை என்பது பிரித்தானிய மரபு. போலந்து 2032ஆம் ஆண்டைக் காலக்கெடுவாக வைத்து நாடு முழுவதும் கழற்றும் திட்டத்தை நடத்துகிறது. தென்கொரியா பழைய அஸ்பெஸ்டஸ் சிலேற்றுக் கூரைகளை அகற்ற வீட்டாருக்கு அரச உதவி தருகிறது. நெதர்லாந்து 2024க்குப் பின் அஸ்பெஸ்டஸ் கூரையே இருக்கக் கூடாதென்று சட்டம் கொண்டுவர முயன்று, செலவுக்கு ஏற்ற நன்மை இல்லையென்று மேலவை 2019இல் நிராகரித்ததால் கைவிட்டது. செல்வந்த நாட்டுக்கே அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை என்பதை இங்குள்ள அகற்றல் ஆர்வலர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

விட்டுவை என்ற வாதமும் ஓர் எடுகோளில் நிற்கிறது: கூரை அசையாமல் இருக்கும் என்பதில். சூறாவளியும் வெள்ளமும் வரும் கரையில் அது நிலையான எடுகோளன்று. தீப்பிடித்தால் சீற் வெடித்துச் சிதறும். கழற்றியதும் அதன் வாழ்வு முடிவதுமில்லை. முழுதாக வந்தது சமையற்கட்டுக்கும் கோழிக்கூட்டுக்கும் போகும், உடைந்தது வேலியடிக்கும் பள்ளம் நிரப்பவும் போகும். ஒரு பாடசாலையின் பதிவேட்டில் “அகற்றப்பட்டது” என்று எழுதிய நாளில் இடர் இடம் மாறியிருக்கலாம், குறைந்திருக்காது. அதனால் கட்டடத்துக்கு ஒரு பதிவேடு என்ற முறையைவிட, கழற்றிய சீற் எங்கே போயிற்று என்று எழுதும் ஏடு இங்கே பயன்மிக்கதாகலாம். இதற்கு ஆய்வுகூடமும் நிபுணரும் தேவையில்லை. கிராம உத்தியோகத்தரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் போதும்.

மாற்றுக் கூரையும் குறையற்றதல்ல. ஓடு பாரமானது, மரம் கேட்கும். மக்கள் ‘அமானோ’ என்றழைக்கும் பூச்சுத் தகடு சூடேறும். கடலோரத்தில் அதன் ஆயுள் பூச்சின் தரத்தைப் பொறுத்தது. இழைக்குப் பதில் வேறு நார் கலந்த சீமெந்துத் தகடு விலை கூடியது.

உடைந்த துண்டின் பாதை

கழிவு பற்றி எச்சரிக்கும் சான்று இரண்டு ஊர்களிலிருந்து வருகிறது. நெதர்லாந்தின் கூர் என்ற ஊரைச் சூழ அஸ்பெஸ்டஸ் சீமெந்து ஆலைக் கழிவால் பாதைகளும் முற்றங்களும் நிரப்பப்பட்டன. ஆலையை அறியாத பெண்களிடமும் மீசோதீலியோமா தோன்றியது. இத்தாலியின் கசாலே மொன்பெராத்தோவில் ஆலைத் தூளை மக்கள் முற்றத்திலும் பரண்களிலும் பரப்பினார்கள். அங்கும் அதே நோய். இரண்டு ஊர்களிலும் இருந்தது ஆலைக் கழிவு, குரோசிடோலைட்டும் கலந்தது. மட்டக்களப்பில் நிலத்தில் கிடப்பது உடைந்த கிரைசோடைல் சீற். நேரடி ஒப்பீடு மிகையாகும். ஆயினும் வண்டி ஏறி ஏறி அரைபடும் துண்டு கூரையில் இருந்த துண்டைப் போன்றதல்ல. வாவியோரத் தாழ்நிலங்களை இடிபாட்டால் நிரப்பும் பழக்கத்தை இந்தக் கோணத்தில் பார்த்தாக வேண்டும்.

துண்டுகளை நனைத்து, கனமான பொலித்தீனில் இரட்டையாகச் சுற்றி, குறியிட்டு, தனிக் குழியில் மூடிப் புதைப்பதே ஏற்கப்பட்ட வழி. நிலத்தடி நீர் சில அடிகளில் நிற்கும் எழுவான்கரை மணலில் அத்தகைய குழிக்கு இடம் காண்பது கடினம். படுவான்கரையின் மேட்டு நிலம் பொருத்தம் என்றால், ஒரு கரையின் கழிவை மறுகரை ஏன் ஏற்க வேண்டும் என்ற கேள்வி எழும். அது பொறியியலால் தீர்வதல்ல.

பொறுப்பு யாருடையது

பிரித்தானியாவின் 2012ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் வீடல்லாத கட்டடங்களை வைத்திருப்போர் மீது முகாமைக் கடமையைச் சுமத்துகின்றன. தனியார் வீடுகள் வெளியே நிற்கின்றன. இலங்கையின் 1942ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமும் 1980ஆம் ஆண்டு தேசிய சுற்றாடல் சட்டமும் வேலைத்தலத்தையும் கழிவையும் நோக்கியவை. வார இறுதியில் தன் வீட்டுக் கூரையை மைத்துனனோடு சேர்ந்து மாற்றுபவரை இரண்டும் எட்டுவதில்லை. கொடையாளர் விதிகளும் காலத்தோடு மாறின. ஆசிய அபிவிருத்தி வங்கியின் 2009ஆம் ஆண்டுக் கொள்கை 20 சதவீதத்துக்குக் குறைந்த இழையுள்ள சீமெந்துத் தகட்டுக்கு விலக்களித்தது. பின்னரே நிலைப்பாடு இறுகியது. உலக வங்கி 2009இல் மாற்றுப் பொருள்களை நாடுமாறு வழிகாட்டியது. எந்த ஆண்டில், யார் பணத்தில் கட்டிய வீடு என்பதே சில இடங்களில் கூரையைத் தீர்மானித்துவிட்டது.

முடிவாகாதவை

கிரைசோடைல் புற்றுநோய் தரும் என்பது இனி விவாதத்துக்குரியதல்ல. அப்படியே கிடக்கும் சீற்றின் கீழ் வாழ்வது சிறிய இடர், வெட்டுவதும் நொறுக்குவதும் பெரிய இடர் என்பதிலும் பேரளவு உடன்பாடு உண்டு. உப்பும் கடும் மழையும் சேர்ந்த வெப்பமண்டலக் கரையில் சீமெந்து எத்தனை ஆண்டில் இழையைப் பிடிக்கும் வலுவை இழக்கிறது என்பது ஐரோப்பியக் கூரைகளின் அனுபவத்தைக் கொண்டு சொல்லத்தக்கதல்ல. புதுச் சீற் கடையில் கிடைக்கும்வரை பழைய சீற்றைக் கணக்கெடுப்பதில் பொருளுண்டா என்ற கேள்விக்கு, உண்டு என்று சொல்பவர்கள் கழற்றும் கையைக் காட்டுகிறார்கள், இல்லை என்பவர்கள் துறைமுகத்தைக் காட்டுகிறார்கள். கணக்கெடுப்பு வீட்டாரை எச்சரிக்குமா, அல்லது பெயர் பதிவானால் செலவு வரும் என்று அஞ்சி இரவோடிரவாக உடைத்துப் புதைக்கத் தூண்டுமா என்பதும் திறந்தே இருக்கிறது. எந்தத் திட்டமும் ஓரிரு கிராம சேவகர் பிரிவுகளில் சிறிய அளவில் தொடங்கி, ஒரு மாரியும் ஒரு கச்சானும் கடந்த பின்னரே இதற்கு விடை சொல்லக்கூடும்.